அம்பாரோவின் அலறல்கள்

திரைச்சீலை மாட்ட ஸ்டூலில் ஏறிய எவரார்தோ கால் இடறி, ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அறைத் தரையிலேயே விழுந்தான். முழங்கைக்கு மேலே நீளமாகக் கிழித்துவிட்டது. கையில் அகப்பட்ட பாத்திரத் துணியை வைத்து அம்பாரோ இரண்டு கைகளாலும் அழுத்தினாள். கொஞ்சம் தளர்த்தினாலும் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. போன் அடுப்படியில் கிடந்தது, எழுந்து போக வழியில்லை. நல்ல வேளை, கீழே முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை டோமினோ ஆட்டம் களைகட்டியிருந்தது. ஒரு சத்தம் போட்டால் மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி வந்துவிடுவார்கள். அவள் அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

கீழே கைதட்டினார்கள்.

"பலே, அம்பாரோ! குக்கா அக்கா, இது எந்த வகை, சொல்லுங்க பாப்போம்?" மெக்கானிக் நாபோரின் குரல்.

"தொடர் கொலைகாரன் கதைடா. எடுத்த எடுப்புலயே உச்சத்துக்குப் போறாளே, தெரியல?"

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. வெளிநாட்டு த்ரில்லர் படங்களுக்கு ஸ்பானிய மொழியில் குரல் கொடுப்பதுதான் அம்பாரோவின் பிழைப்பு. மெக்சிகோ சிட்டித் திரைகளில் கொலையுண்ட வெள்ளைக்காரிகளில் பாதிப் பேர் அவள் தொண்டையில்தான் செத்தார்கள். திங்கட்கிழமை ஒலிப்பதிவு என்றால் ஞாயிறு மதியம் வீட்டில் பழகுவாள். முதலில் குடியிருப்பே நடுங்கிப் போலீசைக் கூப்பிட்டது, பிறகு அதையே விளையாட்டாக்கிக்கொண்டது. அலறலை வைத்துக் கதையின் வகையைத் தப்பாகச் சொன்னவர் முற்றத்தைக் கூட்டிக் கழுவ வேண்டும். ஒற்றர் கதையில் அலறலைப் பாதியில் விழுங்க வேண்டும், மனதைக் குடையும் கதையில் அது சந்தேகமாய்த் தொடங்கி மெல்ல ஏற வேண்டும், அரசியல் சதிக் கதையில் அலறவே கூடாது, மூச்சு மட்டும் நிற்க வேண்டும். எல்லாம் அவளே பெருமையடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம்.

"உதவுங்கள்! யாரேனும் உதவுங்கள்! என் கணவர் இறந்துகொண்டிருக்கிறார்!"

சொன்ன பிறகுதான் அவள் காதிலேயே அது விழுந்தது. பல நாடுகளில் ஓடும் படங்கள் என்பதால் ஊர் வாடையில்லாத, கெட்ட வார்த்தையில்லாத, துடைத்து வைத்த மொழியில்தான் பேச வேண்டும். இத்தனை வருஷம் பயத்தை அந்த மொழியில் பழகியதில், சொந்தப் பயமும் அதிலேயே வெளியே வந்தது.

"கணவராம்! அப்ப இது குடும்பத்துக்குள்ள நடக்கிற கதை," என்றான் நாபோர். "அக்கா, தொடப்பத்தை எடுங்க."

எவரார்தோவின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அம்பாரோவுக்கு இயக்குநர்கள் ஓயாமல் சொல்வது ஞாபகம் வந்தது: பார்க்கிறவனுக்கு ஆபத்து தெரியணும், பாத்திரத்துக்குத் தெரியக் கூடாது, அதில்தான் திகில். இங்கே அவளுக்குத் தெரியும், கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. இதற்கு எந்த வகைப் பெயரும் இல்லை. இந்த மனுஷன் போய்விட்டால் அழக்கூட எனக்கென்று ஒரு குரல் மிச்சமிருக்கிறதா என்று நினைத்தாள். அந்த நினைப்பில் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவன்மேல், ஸ்டூல்மேல், கீழே சிரிக்கிற அத்தனை பேர்மேலும்.

"அடேய் நாபோரு! தடிமாட்டுப் பயலே! நாசமாப் போறவனே! என் புருஷன் ரத்தம் கொட்டிச் சாகக் கெடக்கான், அங்க என்னடா இளிப்பு உனக்கு? ஏறி வாடா, நாயே!"

குரல் கரகரத்து, நடுவில் இரண்டாய்ப் பிளந்து, அசிங்கமாய் முடிந்தது. டோமினோக் காய்கள் கலைந்து தரையில் சிதறும் சத்தம் கேட்டது. பிறகு படிக்கட்டு முழுக்கக் காலடி.

"ஐயோ, பாவி மக்கா, நாம என்ன பண்ணிட்டோம்!" என்று அழுதுகொண்டே முதலில் உள்ளே வந்தது குக்காதான். நாபோர் எவரார்தோவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அதோடு தூக்கினான். யாரோ போனில் ஆம்புலன்சைக் கூப்பிட்டார்கள். அம்பாரோ பிடித்த பிடியை விடாமல் பக்கவாட்டிலேயே படியிறங்கினாள்.

ஆம்புலன்சில் எவரார்தோ ஒருமுறை கண் திறந்தான். அவள் வாயைத் திறந்தாள். 'உன்னை விட்டுப் போகமாட்டேன்' என்று எத்தனையோ படங்களில் சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லப் பிடிக்காமல் வாயை மூடிக்கொண்டாள். அவன் கண்ணும் மூடிக்கொண்டது.

"கையை எடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்," என்றாள் செவிலி. அம்பாரோ எடுக்கத்தான் பார்த்தாள், விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. செவிலி குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினாள்.