பதினாறு புத்தகத்துத் திருடன்

படம் போடுகிற இராமதாஸ் யாரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டார். புதுச்சேரியில் அவர் குடியிருக்கும் சாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வார்கள். எழுபத்து நாலு வயதில் ஒரு மனுஷனுக்கு இந்தப் பெயர் இருக்கிறதென்றால் அது சும்மா வந்துவிடாது. அவரும் அதை உள்ளூர ரசித்துக்கொண்டுதான் இருந்தார், அறிவுமதி வந்து லேப்டாப்பைத் திறக்கும்வரை.

அறிவுமதி சென்னையில் ஒரு பதிப்பகத்தில் ஆசிரியர். முப்பது வயது இருக்கும். இராமதாஸ் படம் போட்ட கதைப் புத்தகங்களைப் பார்த்துத்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று போகிற இடமெல்லாம் சொல்லும் பெண். அவர் படம் போட்ட நாற்பத்தொரு குழந்தைப் புத்தகங்களையும் ஒரே தொகுப்பாகக் கொண்டுவந்தே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்று முதலாளியைச் சம்மதிக்க வைத்தவள் அவள்தான். ஒன்றரை வருஷம் பழைய புத்தகங்களைத் தேடி அலைந்து, ஸ்கேன் எடுத்து, பக்கம் கட்டி முடித்தாயிற்று. அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள். அதற்குள் ஐயாவிடம் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று பஸ் ஏறி வந்திருந்தாள்.

முதலில் அட்டையைக் காட்டினாள். பதினாறு திருடர்கள் வரிசையாக ஓடுகிறார்கள். ஒருவன் கையில் வெண்கலப் பானை, ஒருவன் கக்கத்தில் கோழி, ஒருவன் தலையில் பலாப்பழம். பின்னால் தொந்தி குலுங்கத் துரத்தி வருகிறார் போலீஸ்காரர், தலையில் புதுச்சேரிப் போலீஸ் வைக்கிற அதே சிவப்புக் கெப்பி. எந்த ஊர்க் கதையாக இருந்தாலும் இராமதாஸின் போலீஸ்காரர் அந்தத் தொப்பியோடுதான் வருவார்.

"தனித்தனியாப் பாத்தப்ப தெரியல ஐயா. எல்லாத்தையும் சேத்து வச்சதும்தான் தெரிஞ்சுது. பதினாறு புத்தகத்துலயும் ஒரே ஆளு. யாரு ஐயா இவரு?"

விடைத்த காது. நடுவில் வெட்டுப்பட்ட இடது புருவம். ஒரு பக்கம் மட்டும் மேலேறிய மீசை. பதினாறு தடவை.

குடித்துக்கொண்டிருந்த டீ இராமதாஸுக்குப் புரையேறிவிட்டது. தலையைத் தட்டிக்கொண்டு, சும்மா கற்பனைதாம்மா என்றார். அவள் நம்பிவிட்டாள். நம்பாமல் என்ன செய்வாள், தெய்வமாக நினைக்கிற ஆள் சொன்னால்? இந்தத் திருடனைக் குழந்தைகளுக்கு அவ்வளவு பிடிக்கும் என்றும், வெளியீட்டு விழாவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றும், நேரு வீதியிலிருந்து உப்பளம் வரைக்கும் இவன் முகத்தை பேனராக அடித்து வைத்துவிடலாம் என்றும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள். உப்பளம் என்ற பேரைக் கேட்டதும் இராமதாஸ் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் உப்பளத்தில்தான் இருக்கிறார்.

அவர் பெயர் சாமிக்கண்ணு. பஞ்சாலையில் வேலை பார்த்தவர். நாற்பது வருஷத்துக்கு முன்னால் சாரத்தில் இராமதாஸ் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். இராமதாஸைவிட ஐந்து வயது மூத்தவர். இவர் அண்ணே என்பார், அவர் வாடா போடா என்பார், அப்படி ஒரு நட்பு. மில்லுக்குப் போக இராமதாஸின் சைக்கிளைத்தான் எடுத்துக்கொண்டு போவார். வாசலில் நின்று ஒரு குரல் கொடுப்பார், எடுத்துப் போவார், ஷிப்ட் முடிந்ததும் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்.

அப்போதெல்லாம் இராமதாஸ் வரைந்த படங்களைத் தபாலில் அனுப்பமாட்டார். மழையில் நனைந்துவிடும், மடங்கிவிடும் என்று பயம். ஒவ்வொரு கட்டையும் தானே சென்னைக்கு எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். ஒரு நாள் அப்படிப் போனவருக்குத் திரும்பும்போது தெரிந்தவர் ஒருவரின் கார் கிடைத்தது. அது நேராகச் சாரத்தில் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டது. மறுநாள் விடிந்து பார்த்தால் வாசலில் சைக்கிள் இல்லை.

எப்படி இருக்கும்? முந்தின நாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து சைக்கிள் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத்தானே பஸ் ஏறினார்! கார்ச் சவாரி சுகத்தில் அதைச் சுத்தமாக மறந்துபோனார். அந்தச் சமயம் மில் கதவடைப்பு, மூன்று மாதமாகச் சம்பளம் கிடையாது, சாமிக்கண்ணு வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம். மனசு இதையும் அதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. வண்டியை எடுத்து விற்றுவிட்டான்.

போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் பழக்கம் கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே பெரிய மனுஷத்தனமாக நியாயம் சொல்லிக்கொண்டார். வண்டி காணோம் என்று தெருவில் சொன்னதோடு சரி, சாமிக்கண்ணுவோடு பேச்சை மட்டும் நிறுத்தினார். அந்த வாரம் கையில் இருந்த கதை 'வெண்கலப் பானை காணோம்'. திருடனுக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. விடைத்த காதைப் போட்டார், புருவத்து வெட்டைப் போட்டார், மீசையை ஒரு பக்கம் தூக்கிவிட்டார். வாயால் தப்பாக ஒரு வார்த்தை பேசாத மனுஷன் அல்லவா, கையால் பேசிவிட்டார்.

மூன்றாவது வாரம், மிச்சப் படங்களை எடுத்துக்கொண்டு நடந்தே பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். ஸ்டாண்டுக்காரர் கூப்பிட்டு, என்ன சார் வண்டியை மறந்தே போய்விட்டீர்களா என்று கேட்டார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது இராமதாஸுக்கு. புத்தகம் அப்போது அச்சுக்குப் போகவில்லை. பதிப்பகத்தில் உட்கார்ந்து ஒரு பகல் வேலை பார்த்தால் முகத்தை மாற்றிவிடலாம். பஸ்ஸில் போகும்போது மாற்றிவிடுவதென்றுதான் நினைத்தார். அங்கே போய்ப் படங்களைப் பரப்பிப் பார்த்ததும் மனசு வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது அந்த முகம்.

சைக்கிளை வீட்டுக்கு ஓட்டிவந்தால் தெருவே கேட்கும். அதனால் விழுப்புரத்தில் இருக்கும் மச்சானிடம் கொடுத்துவிட்டார். புத்தகம் வந்தது, பிள்ளைகள் திருடனைப் பார்த்துச் சிரித்தார்கள், அடுத்த கதையிலும் அதே ஆளைப் போடுங்கள் என்று பதிப்பாளர் எழுதினார். போட்டார். மறுபடியும் போட்டார். நாலு வருஷம் கழித்து சாமிக்கண்ணு குடும்பம் சாரத்தைக் காலிபண்ணிக்கொண்டு போனபோது, சனியன் விட்டது என்பதுபோல் மூச்சு விட்டாரே, அதை நினைத்தால்தான் இப்போது அவருக்குத் தன்மேலேயே காறித் துப்பலாம் போல இருந்தது.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. தனித்தனிப் புத்தகமாக இருந்தவரைக்கும் ஒவ்வொன்றும் ஒரு சின்னத் தப்பு மாதிரி இருந்தது, மறக்க முடிந்தது. இப்போது பதினாறும் ஒரே அட்டையில் நின்று அவரைப் பார்க்கின்றன. அதையே பேனராக அடித்து அந்த மனுஷன் வீட்டு வாசலில் கட்டப்போகிறார்கள். நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ ஏறினார். சாரத்திலிருந்து உப்பளம் என்ன பெரிய தூரமா? கால் மணி நேரம். அதைப் போக நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஹவுசிங் போர்டு குடியிருப்பில் இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது சாமிக்கண்ணுவின் மகள் நிர்மலா. சேதராப்பட்டில் ஏதோ கம்பெனியில் வேலை என்று கேள்விப்பட்டிருந்தார். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், ஆனால் அப்பாவின் விடைத்த காது அப்படியே இருந்தது. அவரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள். வாங்க என்று சொல்லவில்லை. ஆகாதவன் வந்தாலும் வாங்க என்று சொல்லிவிட்டு அப்புறம் சண்டை போடுகிற ஊர் இது. கதவைத் திறந்து விட்டுவிட்டு நகர்ந்து நின்றாள், அவ்வளவுதான்.

சாமிக்கண்ணு டிவிக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். மீசை நரைத்துப்போயிருந்தது, புருவத்து வெட்டு மட்டும் அப்படியே.

"யாரு, தாஸா? வாடா, வாடா. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா ஒனக்கு?" என்று அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், அந்தச் சிரிப்பைத்தான் இராமதாஸால் பார்க்க முடியவில்லை. மகளிடம் காபி போடச் சொன்னார். அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

இராமதாஸ் தொகுப்பைப் பற்றிச் சொன்னார், அட்டையைப் பற்றிச் சொன்னார், பேனரைப் பற்றிச் சொன்னார். அந்தத் திருடன் முகம் இருக்கிறதே என்று ஆரம்பித்து, மேலே சொல்ல வராமல் நின்றுவிட்டார்.

தெரியும் என்றார் சாமிக்கண்ணு. முதல் புத்தகத்திலேயே தெரியுமாம். மூணாங் கிளாஸ் படித்த நிர்மலா பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாளாம். பிள்ளைகள் புத்தகத்தைக் காட்டித் திருடன் பொண்ணு, திருடன் பொண்ணு என்று சுற்றி நின்று கத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகம் வரும்போதும் இது நடந்தது. கடைசியில் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவள் படுத்துவிட்டதால்தான் சாரத்தைவிட்டே கிளம்பினார்களாம். இத்தனையையும் சாமிக்கண்ணு கோபமில்லாமல், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னார்.

"நான் இவகிட்ட என்னா சொன்னேன் தெரியுமா? மாமா வண்டியப் பறிகுடுத்துட்டு வயித்தெரிச்சல்ல இருக்காரு. ஒரு நா வந்து என்னக் கேப்பாரு. நான் எடுக்கலன்னு சொல்லிடுவேன், அதோட தீந்துடும்னேன். நீ கேக்கவே இல்ல. நானா வந்து எடுக்கலன்னு சொன்னா, எடுத்தவன் சொல்ற மாதிரி இருக்கும்னு நானும் வரல."

பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். குரல் நடுங்கியது.

"இப்பவாச்சும் வந்தியே. சொல்லிடறேன் தாஸு. ஒன் வண்டிய நான் எடுக்கல."

நம்புறேன்ணே. இந்த ஒரு வார்த்தை போதும். சொல்லிவிட்டால் கிழவர் சந்தோஷப்படுவார், கட்டிப்பிடித்துக்கொள்வார், காபிகூட வந்துவிடும். தப்பாகச் சந்தேகப்பட்ட நல்ல மனுஷனாக வீட்டுக்குத் திரும்பிப் போகலாம். வார்த்தை இராமதாஸின் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் அந்த நடுங்குகிற குரலுக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கே அருவருப்பாக இருந்தது.

"தெரியும்ணே."

"தெரியுமா? எப்பலேந்து?"

"மூணே வாரத்துல வண்டி கெடச்சிடுச்சி. நான்தான் பஸ் ஸ்டாண்டுகிட்ட வுட்டுட்டு மறந்துட்டேன்."

டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நிர்மலா போய் அதை அணைத்தாள்.  சாமிக்கண்ணு முகத்தில் இருந்த சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"மொத புஸ்தகம் எனக்குப் புரியுது. ஆத்தரத்துல வரஞ்சிட்ட. மீதி பதினஞ்சு?"

பதிப்பாளர் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம், குழந்தைகள் கேட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்தபிறகு பொய் எதற்கு?

"அந்த மொகம் நல்லா வந்துச்சிண்ணே. கைக்குப் பழகிடுச்சி."

சாமிக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னதுதாம்மா சரி. நான்தான் இவன் நல்லவன் நல்லவன்னு ஒன்னயே அதட்டிக்கிட்டு இருந்தேன்."

அதோடு பேச்சு முடிந்தது. அட்டையிலிருந்து எடுத்துவிடட்டுமா, அந்தப் பதினாறு புத்தகத்தையும் தொகுப்பிலிருந்தே எடுத்துவிடட்டுமா என்று இராமதாஸ் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். கிழவர் அணைந்துபோன டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நிர்மலாதான் வாசல்வரை வந்தாள். அவர் செருப்பை மாட்டி முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்:

"எடுத்துட்டா ஒங்களுக்கு நல்லது. எங்க அப்பாவுக்கு என்னா?"

கதவு சாத்திக்கொண்டது. அவள் ஓங்கிச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

இராமதாஸ் மாடிப்படியில் இறங்கினார். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழ் வீட்டுக்காரம்மா துணி எடுத்துப்போக வந்தவள், தண்ணி வேணுமா பெரியவரே என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு அறிவுமதிக்குப் போன் போட்டார்.

அட்டையை மாற்றச் சொன்னார், பேனரே வேண்டாம் என்றார். அவள் பதறிப்போய்க் காரணம் கேட்டாள். பதினாறு கதையும் உள்ளே இருக்கட்டும், ஆனால் அந்தத் திருடன் யார் என்று முதல் பக்கத்தில் போட வேண்டும், எழுதிக்கொள் என்றார்.

"பேரு சாமிக்கண்ணு. பஞ்சாலைத் தொழிலாளி. யாரு பொருளையும் தொட்டதில்ல. நான் வேணும்னே அவரத் திருடனா வரஞ்சேன்."

 அவள், ஐயா, இது குழந்தைகள் புத்தகம், இப்படிப் போட்டால் படிக்கிறவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று இழுத்தாள். தெரியாமல் செய்த தவறு என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாமா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டாள். ஆசையாக வளர்த்த பிள்ளை தலையில் இடி விழுந்ததைப் பார்த்தவள் குரல் மாதிரி இருந்தது அவள் குரல்.

இராமதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாம இல்லம்மா. மொத புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாலயே வண்டி கெடச்சிடுச்சி. அதையும் சேத்துப் போடு."