ஐந்து தந்தத்துக்கு வாங்கப்பட்டவள்

"மூணு தந்தம். அதுல ஒண்ணு ஆள் கை நீளம் இருக்கணும். இல்லன்னா எழுந்து போங்க" என்றார் கிரகோரியஸ்.

பெண்ணுக்குப் பரிசமாக மாப்பிள்ளை வீடு யானைத் தந்தம் கொடுப்பது அந்தத் தீவு வழக்கம். அதைப் பேசப் பாயில் ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு தொடங்குமுன் சிலுவை போட்டு ஜெபம் சொன்னவரும் அவர்தான். கோயில் சபைத் தலைவர், பெண்ணுக்குப் பெரியப்பா. எதிரே மாப்பிள்ளையின் தகப்பன் தலைகுனிந்திருந்தார். மௌமரே துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். வீட்டில் இருந்தது ஒரே தந்தம்.

அடுப்படியில் பன்றிக்கறி நறுக்கிக்கொண்டிருந்த கொர்னேலியாவின் கை நின்றது. பெண்ணைப் பெற்றவள் அவள். பெற்றவளுக்கு அந்தப் பாயில் இடமில்லை.

அவள் கல்யாணத்தின்போது அவளுக்கு ஐந்து தந்தம் வந்தது. ஊரே வாயைப் பிளந்தது. இரண்டாம் மாதமே, குழம்பில் உப்பில்லை என்று புருஷன் பிளாசியுஸ் அறைந்ததில் உதடு கிழிந்தது. "நான் அஞ்சு தந்தம் குடுத்து வாங்கினவ நீ. வாயத் தெறக்காத!" அப்பன் வீட்டுக்கு ஓடினாள். அப்பன் சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்து விட்டார். அந்தத் தந்தங்கள் அண்ணனுக்குப் பெண் எடுத்த வீட்டுக்குப் போயாயிற்று. திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லை.

மறுநாள் கோயிலில் தனியாக உட்கார்ந்து, சிலுவையில் தொங்கியவரையே பார்த்தாள். அவருடையதும் அடி வாங்கிய உடம்புதான். இவர் எனக்காகத் தன்னையே கொடுத்திருக்கிறார் என்றால், ஐந்து தந்தம் எந்த மூலைக்கு? அன்றோடு அழுகை நின்றது. அடி நிற்கவில்லை. ஆனால் பிளாசியுஸின் கைக்கு எட்டாத ஒன்று இருபத்துநான்கு வருஷமாக அவளிடம் இருந்தது. பெண்டாட்டி அடங்கிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

"அம்மா, எனக்கு இது வேணாம்மா" என்றாள் அடுப்படியில் பக்கத்திலிருந்த மகள் யுஸ்தினா.

கொர்னேலியா கையைக்கூடத் துடைக்காமல் பாயின் நடுவில் போய் நின்றாள்.

"எம் பொண்ணு விக்கிறதுக்கு இல்ல."

"உள்ள போடி!" என்றான் பிளாசியுஸ்.

"பேசிட்டுப் போறேன். அத்தான், சிலுவை போட்டுட்டுத்தான உக்காந்தீங்க? அதுல தொங்குனவரு ரத்தத்தக் குடுத்து என்னையும் மீட்டாரு, இவளையும் மீட்டாரு. அதுக்கு மேல எவன் யானைக் கொம்பக் கொண்டாந்து வாங்குறது?"

"இது பொண்ணுக்குச் செய்யிற மரியாதை!" என்று கத்தினார் கிரகோரியஸ்.

"மரியாதையா?" கீழுதட்டை இழுத்துத் தழும்பைக் காட்டினாள். "இந்தா, அஞ்சு தந்தத்து மரியாதை. நல்லாப் பாருங்க."

மாப்பிள்ளையின் தகப்பனைத் தவிர ஒருவரும் நிமிரவில்லை.

"என் மவன் கை ஒங்க பொண்ணு மேல படாதும்மா" என்றார் அவர். "நான் பொறுப்பு."

"அது போதும். தந்தம் ஒங்க வீட்டுலயே இருக்கட்டும்."

"சும்மா குடுத்தா, தெருவுல கெடந்த பூனைக்குட்டியாட்டந்தான் அவள வச்சிருப்பான்!" கிரகோரியஸ் எழுந்தார். "எங்க ஆளு ஒருத்தனும் கல்யாணத்துக்கு வரமாட்டான்."

சொன்னபடியே யாரும் வரவில்லை. பிளாசியுஸ்கூடக் குடித்துவிட்டு வீட்டிலேயே கிடந்தான். வியாழக்கிழமைக் காலைப் பூசையில் கொர்னேலியாவே மகளைக் கைப்பிடித்து பீடம்வரை கூட்டிப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கிரகோரியஸ், துன்பப்படும் பெண்களுக்காக உரக்க மன்றாடினார். சபை ஆமென் என்றது.

வாசலில் அவருடைய மனைவி வழிமறித்தாள். "ஏண்டி கொர்னேலியா, கடைசியில பொண்ண என்ன வெலைக்குத்தான் குடுத்த?"

பெண்கள் சிரித்தார்கள்.

"அவளுக்கு வெலையே கெடையாதுக்கா" என்று சொல்லிவிட்டு கொர்னேலியா நடந்தாள்.

அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் நின்றவர்கள் இரண்டு பேர். இரண்டு பேர் வீட்டிலும் கல்யாண வயதில் பெண் இருந்தாள்.