உடன்பிறந்தோர் விவரம்

என் அண்ணன் என்னை இருபத்திரண்டு வருஷம் காக்க வைத்தான். "ஃபைல் நகருது, கொஞ்சம் பொறு" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் சொல்வான். நானும் மண்டையை ஆட்டிக்கொண்டு பொறுத்தேன். கல்யாணமாகாத தங்கையைத்தான் கூப்பிட்டுக்கொள்ள முடியுமாம், கல்யாணம் ஆகிவிட்டால் கேஸ் கெட்டுவிடுமாம். அதனால் எங்கள் கார்மென்ட்ஸ் கம்பெனி கட்டிங் மாஸ்டர் பெண் கேட்டு வந்தபோது, "ஃபைல் வரட்டும்" என்றேன். மனுஷன் நாலு வருஷம் பார்த்தார். பிறகு வேறொருத்தியை முடிவு செய்து, பத்திரிகையை என் மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இருபது சட்டைக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்து சூப்பர்வைசரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்போதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. எனக்கென்று ஓர் அண்ணன் இருக்கிறான், கூப்பிடுவான் என்ற தைரியம். அந்தத் தைரியத்தில்தான் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்குப் பீ மூத்திரம் அள்ளினேன். போன வருஷம் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

கடைசியில் என்னைக் கூப்பிட்டது அண்ணன் இல்லை, அவன் மகள். காலேஜில் முதல் வருஷம். அவரவர் குடும்பம் எங்கிருந்து எங்கே வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். "நீங்க வந்து சொன்னாத்தான் அத்தை எனக்குத் தெரியும்" என்று அவளே அழைப்புக் கடிதம் அனுப்பி, விசா பேப்பரை எங்கள் ஊர் டிராவல்ஸில் நிரப்பச் சொல்லி, பகுதிநேர வேலைக் காசில் டிக்கெட்டும் எடுத்துவிட்டாள். அண்ணனுக்கு விஷயம் தெரிந்ததே அதற்குப் பிறகுதான். போனில் அவன் குரலே சரியில்லை.

"வா, வா. ஆனா உங்க அண்ணிகிட்ட ஃபைல் பத்தி மூச்சு விடாதே. அவ அந்தக் குடியேற்ற ஆபீஸ்லதான் வேலை பார்க்கறா. சொந்தக்காரங்க விஷயத்துல தலையிட்டான்னு ஆயிட்டா வேலை போயிடும்."

நியாயம்தானே என்று நினைத்தேன். விசா மூன்று மாதத்துக்கு. அதற்குள் ஃபைல் வந்துவிடும், இனி திரும்பிப் போவதாவது என்று மெஷினை விற்றேன், வாடகை வீட்டுச் சாவியைக் கொடுத்தேன், விமானம் ஏறிவிட்டேன். புத்தியைப் பாருங்கள்.

அண்ணி அந்த நாட்டுக்காரி. தமிழில் பத்து வார்த்தை தெரியும், அதில் ஆறு சாப்பாட்டைப் பற்றியது. எனக்கென்று ஓர் அறை ஒதுக்கி, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தாள். அண்ணன்தான் பிடிகொடுக்கவில்லை. பஸ் டிப்போவில் மெக்கானிக். தினமும் ஓவர்டைம் என்றான். ஒரு நாள் ஷூ லேஸ் கட்டும்போது மடக்கிப் பிடித்து "ஃபைல் என்னண்ணா ஆச்சு?" என்று கேட்டேன். "வரும், வரும்" என்று ஒரு லேஸைக் கட்டாமலேயே ஓடினான்.

எட்டாம் நாள் மத்தியானம் மருமகள் சாப்பாட்டு மேஜை மேல் பெரிய காகிதத்தை விரித்தாள். பெட்டி பெட்டியாகக் கட்டம் போட்டு, சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழில் குண்டு குண்டாக எழுதியிருந்தாள். அவள் முகமே ஒரு கதம்பம்தான். நிறம் அண்ணியுடையது, மூக்கு அண்ணனுடையது, அந்த இடுங்கிய சின்னக் கண் மட்டும் எங்கள் அப்பாவுடையது.

"இந்தக் கண் எங்கேருந்து வந்துச்சு அத்தை?"

சொன்னேன். எங்கள் தாத்தா ரயில் பாதை போடக் கப்பலேறி வேறொரு நாட்டுக்குப் போனவர். அந்த ஊர்ப் பெண்ணோடு குடித்தனம் நடத்தினார். அவளுக்கு இதே கண். பிள்ளைக்கு மூன்று வயதானதும் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பி, "அவ செத்துட்டா" என்று எல்லாரிடமும் சொல்லி, இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு நாற்பது வயதாகும்போது அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த அம்மாள் அதற்கு முந்தின மாதம்வரை உயிரோடு இருந்தாளாம். ஒரு சலவைக்கடையில் துணி வெளுத்துக்கொண்டு, மகன் வருவான், வருவான் என்றே இருந்தாளாம்.

"அப்பா மூணு நாள் சாப்பிடலை. என்னையும் உங்கப்பாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டு, 'உயிரோட இருந்தவளைச் செத்துட்டான்னு சொல்லிட்டாங்களே'ன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டார்."

மருமகள் பேனாவை நிறுத்தினாள். "யாரோட அப்பா?"

"எங்கப்பாதான். உன் தாத்தா."

"அவர் உங்களுக்குப் பெரியப்பா இல்லையா?"

"பெரியப்பாவா? என்னடி உளர்றே?"

காகிதத்தை என் பக்கம் திருப்பினாள். அப்பா பெயருக்குக் கீழே இரண்டு பெட்டி. ஒன்றில் அண்ணன். இன்னொன்றில், 'தங்கை. இருபத்து நாலு வயதில் மரணம்.' நான் எங்கேயோ ஓரத்தில், தனியாக ஒரு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தேன். 'அப்பாவின் சித்தப்பா மகள்.'

"செத்தது யாருடி? எனக்குத் தெரியாம எங்கம்மாவுக்கு இன்னொரு பொண்ணா?"

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்ச் சில காகிதங்களை எடுத்து வந்தாள். அவள் அப்பா முதன்முதலில் குடியேறக் கொடுத்த விண்ணப்பத்தின் நகல், காலேஜ் வேலைக்காக அவள் எழுதிக் கேட்டு, ஆபீஸிலிருந்து நேற்றுத்தான் வந்ததாம். 'உடன்பிறந்தோர் விவரம்' என்று ஓர் இடத்தில் விரலை வைத்து வாசித்துக் காட்டினாள். என் பெயர். என் பிறந்த தேதி. பக்கத்துக் கட்டத்தில் நான் செத்த தேதி.

"பேரு ஒண்ணா இருக்கேன்னு அப்பாவைக் கேட்டேன். ரெண்டு பேருக்குமே பாட்டி பேருதான்னு சொன்னார்" என்றாள். "அம்மாதான் அன்னைக்குக் கவுன்ட்டர்ல இருந்தாங்க. இந்த வரியைப் படிச்சுட்டு வருத்தம் சொன்னாங்க. அப்பாவுக்குக் கண் கலங்கிடுச்சாம். அம்மா டீ வாங்கிக் கொடுத்தாங்க. அப்படித்தான் ரெண்டு பேருக்கும் பழக்கம்."

ஆக, என் சாவுக்குத் துக்கம் கேட்டுத்தான் இந்தக் குடும்பமே உண்டாகியிருக்கிறது!

"அதெல்லாம் இருக்கட்டும். என் ஃபைல் எங்கே?" என்றேன்.

"என்ன ஃபைல் அத்தை?"

அவள் முகத்தைப் பார்த்தேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

அன்றைக்கு ஓவர்டைம் இல்லை போலிருக்கிறது, நாலு மணிக்கே அண்ணன் வந்தான். கையில் இருந்த கிரீஸைக் கழுவக்கூட விடவில்லை.

"நான் எப்பண்ணா செத்தேன்?"

மேஜையில் இருந்த காகிதத்தைப் பார்த்தான். மகளை உள்ளே போகச் சொன்னான். "அவ எங்கேயும் போகமாட்டா. நீ சொல்லு" என்றேன்.

"ஏஜென்ட் சொன்னான். ஊர்ல கல்யாணமாகாத தங்கச்சி இருக்கான்னா, பின்னாலேயே எல்லாரையும் இழுத்துட்டு வருவேன்னு என்னையே தள்ளிடுவாங்கன்னான். அதுக்கு முன்னாடி விசாவுக்குக் கொடுத்த ஃபாரத்துல உன் பேரு ஏறிடுச்சு, எடுக்க வழியில்லை. அதனால..."

"அதனால கொன்னுட்டே."

"வெறும் பேப்பர்தானேம்மா. நீ அங்க நல்லாத்தானே இருந்தே?"

"பேப்பர்ல கொன்னே, சரி. வாராவாரம் ஃபைல் நகருதுன்னியே, அது எதுக்கு? உண்மையைச் சொல்லியிருந்தா அந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு ரெண்டு பிள்ளை பெத்திருப்பேனே!"

அவன் கிரீஸ் விரல்களைச் சட்டையில் துடைத்தான். பிறகு, "அம்மாதான் சொல்ல வேண்டாம்னாங்க. அவளும் கல்யாணம் பண்ணிட்டுப் போயிட்டா என்னை யார் பார்த்துப்பாங்கன்னு அழுதாங்க" என்றான்.

கட்டிங் மாஸ்டர் பெண் கேட்டு வந்த அன்றைக்கு, 'ஃபைல் வரட்டும்டி' என்று முதலில் சொன்னது அம்மாதான். பொய்யோ நிஜமோ, இனி யாரைப் போய்க் கேட்பது? வாய் திறந்து மறுக்க முடியாதவர்களாகப் பார்த்துத்தான் என் அண்ணன் சாட்சிக்கு இழுக்கிறான்.

"அப்பா தலையில அடிச்சுக்கிட்டப்ப நீயும்தானே பக்கத்துல உக்காந்து அழுதே? உயிரோட இருக்கற பொம்பளையைச் சாகடிக்கறது நம்ம வீட்டுல பரம்பரைத் தொழிலாடா?"

அவனை 'டா' போட்டது என் ஜென்மத்தில் அதுதான் முதல் தடவை. அவன் அதைக்கூடக் கவனித்ததாகத் தெரியவில்லை. கிரீஸ் கையோடு கும்பிட்டான்.

"உங்க அண்ணிக்கு மட்டும் தெரிய வேண்டாம். பொய் எழுதினது வெளிய வந்தா என் குடியுரிமையே போயிடும். இன்னும் ரெண்டரை மாசம் சித்தப்பா பொண்ணாவே இருந்துட்டுப் போ. உனக்குப் புது மெஷின் வாங்கித் தர்றேன்."

இருபத்திரண்டு வருஷத்துக்கு ஒரு தையல் மெஷின்! எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்து தொலைத்தது.

ஐந்தரை மணிக்கு அண்ணி வந்தாள். மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் முந்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் அந்த விண்ணப்பத்தை அவள் கையில் கொடுத்து, என் பெயர் இருந்த வரியைத் தொட்டு, "நான்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. அறைக்குப் போய் என் பாஸ்போர்ட்டை எடுத்து வந்து நீட்டினேன். ஆயுசெல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவள் இல்லையா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் என்று விரலால் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

திட்டுவாள், வெளியே போகச் சொல்வாள் என்று எதற்கும் தயாராகத்தான் நின்றேன். அவள் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். அவர்கள் மொழியில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"உயிரோட இருக்கா, உயிரோட இருக்கான்னு சொல்றாங்க அத்தை" என்றாள் மருமகள்.

பெற்றவளும் கூடப்பிறந்தவனும் சேர்ந்து பண்ணின காரியம் இது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சந்தோஷப்பட்டவள் யாரோ எங்கேயோ பிறந்த இவள். அவள் தோளில் சாய்ந்து நானும் வாய்விட்டு அழுதேன்.

அண்ணன் பக்கத்தில் வந்து நின்று, அவர்கள் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். என் முதுகைத் தடவிக்கொண்டிருந்த அண்ணியின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னடி சொல்றான்? மன்னிப்புக் கேக்கறானா?" என்றேன்.

மருமகள் மேஜை மேல் இருந்த பெரிய காகிதத்தைச் சுருட்ட ஆரம்பித்தாள். இன்னொரு தடவை கேட்டேன்.

"நாளைக்கு ஆபீஸ்ல யார்கிட்டேயும் சொல்லிடாதேன்னு சொல்றார் அத்தை" என்றாள்.