நாற்பதில் நின்ற முள்

முத்தாபுதுப்பேட்டையில் வீட்டு வாசலில் வண்டி ஆணி அடித்த மாதிரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஸ்பீடோமீட்டர் முள் மட்டும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. எஞ்சினை அணைத்தாலும் நாற்பது, பைபாஸில் விரட்டினாலும் நாற்பது. டீசல் முள் எந்நேரமும் டேங்க் நிரம்பி வழிவதாகச் சத்தியம் செய்யும். அதை நம்பி மாலையும் கழுத்துமாக ஒரு மாப்பிள்ளையை நடுரோட்டில் நிறுத்திய கதையும் உண்டு. எஞ்சின் சூட்டைக் காட்டும் ஹீட் முள் தனி ரகம். தெருமுனைக்குள் சிவப்புக்கு ஏறிப் பயமுறுத்தும், ஆவடி தாண்டுவதற்குள் மயங்கி விழும். மூன்றையும் பார்க்கப் பார்க்க அனுசுயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் புருஷன் வேம்புலி அம்பத்தூர் எஸ்டேட் முதலாளி ஒருவரிடம் இருபது வருஷம் கார் ஓட்டியவன். முதலாளி மகனோடு கனடாவுக்குக் கிளம்பும்போது, "நீயே வெச்சுக்கோப்பா" என்று சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். கறுப்பு நிறம், ஏணி போட்டு ஏறுகிற உயரம், வெளிநாட்டுக் கம்பெனி. மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் வேண்டும் என்று கல்யாண வீட்டுக்காரர்கள் ஒற்றைக்காலில் நிற்பார்கள். இவர்கள் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்துவிட்டது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வெள்ளிக்கிழமை காலை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மீட்டர் ஓடாவிட்டால் கையெழுத்து விழாது. கையெழுத்து விழாவிட்டால் வண்டி காயலான் கடைக்குத்தான்.

பூந்தமல்லி மெக்கானிக் தங்கவேல் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டான். "மாமே, இதுக்கு மூளையே பூட்ச்சு. புது மீட்டரு இப்ப வர்றதில்ல, பழசும் கெடைக்காது. எவனாச்சும் கேட்டான்னா தள்ளி வுட்டுடு."

அன்று வீட்டுக்கு வந்து தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்த வேம்புலியிடம் அனுசுயா சொன்னாள். "அத்தக் கயட்டி எங்கிட்ட குடு. நா பாக்கிறேன்."

"இன்னாத்தப் பாப்ப? மிக்ஸியா அது? ஃபாரின் சாமான், கைய வெச்சிடாத."

கைய வெச்சிடாதயாம்! பதினான்கு வருஷம் அதே எஸ்டேட்டில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகு கடுகாக ஈயம் உருக்கிச் சால்டரிங் வைத்த கை அது. அனுசுயா பார்த்த போர்டு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வராது என்று சூப்பர்வைசரே சொல்லுவார். கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் வாசலில் நின்று அழுதார்கள். இவள் தன் சால்டரிங் கம்பியை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். தெருவில் பாதி வீட்டு டிவி அவள் கைபட்டுத்தான் ஓடுகிறது. கட்டின புருஷனுக்கு மட்டும் அது கண்ணில் படவில்லை என்பதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

வியாழக்கிழமை காலை வேம்புலி குளித்துவிட்டு, மீட்டருக்காக வேண்டிக்கொள்ள மாங்காட்டு அம்மன் கோயிலுக்கு பஸ் ஏறினான். மீட்டர் பேரில் அர்ச்சனை! என்ன ராசி, என்ன நட்சத்திரம் என்று குருக்கள் கேட்டால் என்னத்தைச் சொல்வானோ. பஸ் கண்ணுக்கு மறைந்ததும் அனுசுயா ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தாள்.

அரைமணி நேரத்தில் மீட்டர் பெட்டி சமையலறைத் தரையில், பழைய போர்வையின் மேல் கிடந்தது. மூடியைக் கழற்றியதும் குப்பென்று அடித்தது பன்னீர் வாசனை.

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சாமி கும்பிட்டுவிட்டு டாஷ்போர்டு முழுக்கப் பன்னீர் தெளிப்பான் வேம்புலி. கூடவே மீட்டர் விளிம்பில் மூன்று சந்தனப் பொட்டு. முதலாளி காலத்திலிருந்து நடக்கிற அபிஷேகம். அத்தனையும் இடுக்கு வழியாக இறங்கி, போர்டின் பின்பக்கம் பச்சைக் களிம்பாகப் பூத்திருந்தது. ஒயர் சொருகுகிற ஊசிகளுக்கு நடுவில் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது.

"அடப் பக்திமானே!" என்றாள், யாரும் இல்லாத வீட்டில்.

கம்பெனிப் பழக்கம் விடுமா? எதைக் கழற்றினாலும் அது இருந்த இடத்தைக் குறித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். முட்கள் நின்ற இடங்களில் மெல்லிசாகப் பென்சில் கோடு போட்டுவிட்டு எடுத்தாள். ஸ்பிரிட்டைத் தொட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் ஊசி ஊசியாகத் தேய்த்தாள். ஈயம் விட்டுப்போன இடங்களில் புதிதாகப் பற்றவைத்தாள். கோட்டைப் பார்த்து முட்களைத் திரும்பச் சொருகி, பெட்டியை வண்டிக்குள் கொண்டுபோய் ஒயரை மாட்டும்போது வேம்புலி குங்குமப் பொட்டலத்தோடு வந்து நின்றான்.

"அய்யய்யோ! இன்னாடி பண்ணி வெச்சிகீற? நாளிக்குப் பத்து மணிக்கு வண்டிய காட்டணும்டி!"

"கத்தாத. சாவியப் போடு."

சாவியைத் திருகினான். வேக முள் விருட்டென்று எழுந்து கடைசி வரைக்கும் ஓடியது. திரும்பி வந்து நாற்பதில் நின்றது.

வேம்புலி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "நா தலபாடா அட்ச்சிகினேன். கேட்டியா நீ?"

அனுசுயா முள்ளையே உற்றுப் பார்த்தாள். அவசரப்பட்டு அவன் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமோ? பிறகு யோசித்தாள். ஓடியதே! இத்தனை நாள் அசையாத முள் கடைசி வரைக்கும் ஓடித் திரும்பியதே! முள்ளைக் கழற்றிக் கழுவும்போது, அதைத் திருப்புகிற குட்டி மோட்டார் உள்ளே சுழன்று பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது. இவள்தான் கோட்டைப் பார்த்து, முள்ளை மறுபடியும் நாற்பதிலேயே கொண்டுபோய்ச் சொருகியிருக்கிறாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

"யோவ், தப்பு மீட்டர்மேல இல்லய்யா. என் பென்சில்மேல கீது."

ஸ்பூன் காம்பால் முட்களை நெம்பி எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் தொடக்கத்தில் வைத்து அழுத்தினாள். மறுபடி சாவி. வேக முள் ஓடித் திரும்பிப் பூஜ்யத்தில் சமர்த்தாகப் படுத்தது. டீசல் முள் கொஞ்சம் யோசித்துவிட்டு, கால் டேங்க்தான் என்று உண்மையைச் சொன்னது. வேம்புலி மீட்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், குங்குமப் பொட்டலத்தைப் பார்த்தான்.

மறுநாள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் நின்றன. இன்ஸ்பெக்டர் தானே ஓட்டிப் பார்க்கிற ஆள். பக்கத்தில் வேம்புலியை உட்காரவைத்து, அவன் செல்போனில் வேகம் பார்க்கச் சொன்னார். அனுசுயா பின்சீட்டில் ஏறி, இரண்டு தோள்களுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டாள். வண்டி மெயின் ரோட்டைப் பிடித்தது. பத்து. இருபது. முப்பது. ரோட்டில் லாரி வந்ததா மாடு வந்ததா, அவளுக்குத் தெரியாது. முப்பத்தைந்து. நாற்பது. அவள் மூச்சு விடவில்லை.

நாற்பத்தொன்று.

"தாண்டிடுச்சு!" என்று கத்திவிட்டாள். ஐம்பது வந்தபோது வேம்புலியின் செல்போனும் ஐம்பது என்றது.

மைதானத்துக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்டார். "இந்த மாடலுக்கு மீட்டர் கெடைக்கிறதே இல்லையே. எங்க ரிப்பேர் பார்த்தீங்க?"

வேம்புலி வாயைத் திறந்தான். அம்மன் அருள் என்று ஆரம்பிக்கப்போகிறான் என்று அனுசுயா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரி சார்," என்றான். சுற்றி நின்ற டிரைவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, கொஞ்சம் உரக்கவே. "பன்னீர ஊத்திக் கெடுத்தவன் நானு. தரையில ஒக்காந்துகினு ஒரே நாள்ல சரி பண்ணது இவோ."

இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அனுசுயாவுக்குக் கண் கரித்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள், அதை மறைக்கவும் இல்லை.

காகிதத்தின் மை காய்வதற்குள் பூந்தமல்லி ஜவுளிக்காரர் உஸ்மான் கனி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருடையதும் இதே கம்பெனிதான், இவர்களுடையதைவிடப் பழைய வண்டி. "யம்மா, நம்ம வண்டியில மூணு முள்ளும் செத்துப்போய் மூணு மாசமாவுது. சித்த பாரேன்."

"தள்ளு, தள்ளு, காத்து வரட்டும்," என்று வேம்புலி ஆட்களை விலக்கினான்.

அனுசுயா அந்த வண்டியின் முன்சீட்டில் ஏறி, முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மீட்டர் மூடியை விரலால் தட்டிப் பார்த்தாள்.

"யாராச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் குடுங்கப்பா," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு பக்க ஜன்னல்கள் வழியாகவும் ஏழெட்டுக் கைகள் ஸ்க்ரூ டிரைவரோடு உள்ளே நீண்டன.