அக்கா பேருக்கு மாறிய கடன்

கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. தலை நரைத்த மேனேஜர் உட்பட எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். அவரை ஊரே மாஸ்டர் என்றது.

குடியோ சூதாட்டமோ இல்லாத வீடு. ஆனாலும் மாஸ்டரின் கிரெடிட் கார்டில் கடன் ஏறிவிட்டது. முதலில் காரின் கியர் பாக்ஸ் போனது. பிறகு விடாத மழையில் வகுப்புகள் நின்றுபோக, வாடகையையும் மகளின் பள்ளிக் கட்டணத்தையும் அதே கார்டில் தேய்த்தார்கள். அதன்பின் மாதாமாதம் கட்டியதெல்லாம் வட்டிக்கே போயிற்று. அசல் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. திட்டுவதற்கும் ஆளில்லாத கடன் அது. அதுதான் அக்காவுக்கு அலுப்பாக இருந்தது.

இன்னொரு வங்கி, பழைய கார்டுக் கடனைத் தன் கார்டுக்கு மாற்றிக்கொண்டால் ஒரு வருடத்துக்குக் குறைந்த வட்டி என்று விளம்பரம் செய்தது. மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். மாதச் சம்பளம் இல்லாதவர் என்று தட்டிக்கழித்துவிட்டார்கள். அக்காவுக்கு மாதச் சம்பளம் இருந்தது. வீட்டுக்காரரின் கடனையும் அவள் கார்டுக்கு மாற்றலாம் என்றார்கள்.

மாலையில் மாஸ்டர் அவளை அழைத்துப்போக வந்தார். பயிற்சி வண்டி, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஏறி உட்கார்ந்ததும் அவள் பேச்செடுத்தாள்.

"என் பேருக்கே மாத்திக்கலாங்க."

"வேணாம்மா. என் கடன் என்னோட இருக்கட்டும்."

"உங்களோட எங்க இருக்கு? நம்ம வீட்டுலதானே இருக்கு."

"நாளைக்குக் கட்ட முடியலைன்னா உன்னைத்தான் கூப்பிடுவாங்க. கடைக்கே போன் வரும்."

"இப்ப மட்டும் என்ன? தவணை தேதி நெருங்குதுன்னு அவங்க போன் வந்தா நீங்க குளிக்கப் போயிடறீங்க. நான்தானே பதில் சொல்றேன்."

முன்னால் போன பேருந்து சட்டென்று நின்றது. இருவரும் ஒரே நேரத்தில் பிரேக்கை மிதிக்க, கார் குலுங்கி அணைந்தது.

"காலை எடு தாயே," என்றார் மாஸ்டர். "ரெண்டு பேரும் மிதிச்சா வண்டி எப்பிடி நகரும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதற்குமேல் மறுக்கவில்லை.

கார்டு வந்தது. ஆனால் அவள் சம்பளத்துக்குக் கொடுத்த வரம்பில் பாதிக் கடனுக்குக் கொஞ்சம் மேல்தான் அடங்கியது. வங்கிப் பெண்ணிடம் போனில் கேட்டாள்.

"மீதி என்னாகும்?"

"அது பழைய கார்டுலயே இருக்கும் மேடம். மாத்தறதுக்கு ஒரு கட்டணமும் உண்டு. ஒண்ணு சொல்றேன், இந்தக் கார்டுல வேற எதுவும் வாங்காதீங்க. வாங்கினா அதுக்கு முழு வட்டி."

கட்டணத்தைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் லாபமாகத்தான் இருந்தது. சரி என்றாள்.

அந்த மாதமே சிக்கல் வந்தது. பாதிக் கடன் மாறிவிட்டதே, இந்த மாதம் கட்ட வேண்டியதில்லை என்று நினைத்து மாஸ்டர் பழைய கார்டின் தவணையைக் கட்டவில்லை. புது வங்கியின் பணம் அங்கே போய்ச் சேர்வதற்குள் கெடு தாண்டிவிட்டது. அபராதம் விழுந்தது. அவரே வந்து சொன்னார். அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது சொல்லேன்," என்றார்.

"சொல்லத் தெம்பில்லங்க. நாளைக்குத் திட்டறேன்."

மறுநாளும் திட்டவில்லை. மதிய இடைவேளையில் அவரைக் கடையின் பின்னறைக்கு வரச் சொல்லி, அவர் போனிலேயே பழைய வங்கியைக் கூப்பிட வைத்தாள். கார்டுக்காரர்தான் பேச வேண்டுமாம். நாள் முழுக்கக் கிளட்ச், கியர் என்று தொண்டை வற்றக் கத்துபவருக்கு அங்கே குரலே எழும்பவில்லை. அவள் முழங்கையால் இடித்தாள்.

"சார், இது வரைக்கும் ஒரு தவணைகூட விட்டதில்ல," என்றார் மாஸ்டர். "இது தெரியாம நடந்துபோச்சு. இந்த ஒரு தடவை அபராதத்தை எடுத்துடுங்க."

நெடுநேரம் காத்திருக்க வைத்த பிறகு, எடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். கூடவே, வரம்பை உயர்த்தித் தரட்டுமா என்றும் கேட்டார்கள்.

"ஐயா, என்னை விட்டுடுங்க," என்றார் மாஸ்டர்.

அடுத்த மாதம் இரண்டு பில்லும் வந்தன. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அக்கா பிரித்துப் பார்த்தாள். பழைய கார்டில் விட்டுவைத்த மீதி ஏறக்குறைய அப்படியே இருந்தது. அவள் கார்டில், கட்டிய பணத்தில் பெரும்பகுதி அசலில் கழிந்திருந்தது.

"கொறஞ்சிருக்கு," என்றாள்.

மாஸ்டர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே நிமிர்ந்தார். "எவ்வளவு?"

"கொஞ்சம்தான். ஆனா கொறஞ்சிருக்கு."

அவர் தலையாட்டினார். சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, ஆனால் வந்ததென்னவோ கொட்டாவிதான். வாரக் கடைசியில் யாரும் எழுப்பக் கூடாது, நன்றாகத் தூங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினாள்.