பச்சைத் தண்ணீருக்கும் ஒரு குழாய்

"பறவை என்பது இறகு முளைத்த மனசாட்சி. மனிதகுலம் செய்த பாவம் ஒவ்வொன்றும் முதலில் அதன் ரத்தத்தில்தான் பதிவாகிறது."

டாக்டர் கார்ல்டன் ப்ரூஸ்டர் இதைச் சொல்லி முடித்ததும், அவர் நெஞ்சோடு அணைத்திருந்த மனசாட்சி, பாதி செரித்த மீனை அவருடைய புத்தம்புது சிவப்பு மழைக்கோட்டின் மேல் கக்கியது.

வாரப் பத்திரிகையின் படக்காரர் கேமராவை இறக்கினார். "துடைச்சிட்டு மறுபடி எடுத்துக்கலாம், டாக்டர்."

துடைத்தது ஐலி நியமெலா. சுப்பீரியர் ஏரிக்கரை ஆய்வு நிலையத்தில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறாள். கடற்காகக் குஞ்சின் இறக்கையில் நரம்பு தேடி நாலு சொட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. குஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசகம் சொல்வது நிலையத் தலைவரான டாக்டர் வேலை. அவர்கள் நின்றிருந்த இந்தப் பாறைத் தீவைச் சுற்றி எந்தத் தொழிற்சாலையும் இல்லை. அதனால் மற்ற ஏரிப் பறவைகளுக்கெல்லாம் இந்தக் குஞ்சுகளின் ரத்தம்தான் அளவுகோல்.

கடைசிக் குஞ்சு முடிந்ததும், ஐலி சுத்தமான தண்ணீர் அடைத்த சோதனைக் குழாய் ஒன்றைத் திறந்து, டாக்டர் பக்கத்திலேயே பாறைமேல் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூடிப் பெட்டியில் போட்டாள்.

"பச்சைத் தண்ணிக்கு ஊர் சுத்திக் காட்டுறீங்களா, ஐலி?"

"கையேடு, ஒன்பதாம் பக்கம். நம்ம கையிலேர்ந்து ஏதாவது ஒட்டியிருந்தா இதுல தெரியும்னு போட்டிருக்கு."

"எழுதினவனுக்கே பாடமா!" என்று டாக்டர் சிரித்தார்.

மூன்று வாரம் கழித்து ரத்த முடிவு வந்தது. ஐலி எண்ணைப் பார்த்தாள். தசமப் புள்ளி இடம் மாறிவிட்டதோ என்று மறுபடி பார்த்தாள். ரத்தத்தில் அவர்கள் தேடியது மண்ணிலும் தண்ணீரிலும் அழியாமல் கிடக்கும் ஒரு ரசாயனம். அது கலந்த தீயணைப்பு நுரை ஓடிய விமான நிலையக் குளத்துப் பறவைகளிடம்கூட இவ்வளவு இருந்ததில்லை.

"தண்ணிக் குழாயோட முடிவு இன்னும் வரலை, டாக்டர். ஒரு வாரம் பொறுக்கலாமே?"

"ஏரி செத்துக்கிட்டிருக்கு. நீங்க தண்ணிக் குழாய்ங்கறீங்க!"

அன்றே பத்திரிகைக்குச் சொன்னார். முதல் பக்கத்தில், குஞ்சும் சிவப்புக் கோட்டுமாக அவர் படம். ஊர் உறைந்துபோனது. வெள்ளிக்கிழமை தவறாமல் நடக்கும் மீன்வறுவல் விருந்து முதல்முறையாக நின்றது. விருந்து நடத்தும் சங்கத்தார் வழக்கம் விடக்கூடாதென்று கோழியை வறுத்து வைத்துக்கொண்டு, அதை யாரும் தொடாமல் வெறித்துப் பார்த்தபடி இருந்தார்கள். ஐலியின் கணவன் ரெய்னோவிடம் வெள்ளைமீன் வாங்க ஆளில்லை. படகு கரையில் கட்டிக் கிடந்தது.

"முப்பது வருஷமா அந்த மீனைத்தானே திங்கறேன்," என்றான் ரெய்னோ. "அழியாத சாமான்னா நானும் அழியமாட்டேன்ல? உங்க டாக்டரைக் கேட்டுச் சொல்லு."

"வாயை மூடு, ரெய்னோ."

"அவரு சொன்னாருன்னா மூடிக்கறேன். இப்ப ஊரே அவரு சொல்லித்தானே வாயை மூடிக்கிட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வியாழன் ஊர்க் கூடத்தில் கூட்டம். ஏரியில் மீன்பிடிப்பையே தடை செய்ய வேண்டும் என்று மாநில அதிகாரிகள் முன்னால் டாக்டர் கேட்கப் போகிறார். தடை வந்தால் ரெய்னோவின் படகை விறகாக்க வேண்டியதுதான்.

வியாழன் மாலை நாலு மணிக்குப் பரிசோதனைக் கூடத்து டெனீஸ் போன் செய்தாள்.

"ஐலி, உட்கார்ந்திருக்கியா? உன் பச்சைத் தண்ணியிலயும் அதே சாமான் இருக்கு. ரத்தத்துல எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு."

"அது கடையில வாங்கின சுத்தத் தண்ணிடீ!"

"அதான் சொல்றேன். குஞ்சு ரத்தத்துல நிஜமா எவ்வளவுன்னு மறுபடி எடுத்தாத்தான் தெரியும். தீவுக்கு யாராவது தண்ணி ஒட்டாத துணி போட்டுட்டு வந்தாங்களா? அந்தப் பூச்சுலதான் இந்தச் சாமான் இருக்கும்."

ஐலி நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ச் சுவரில், டாக்டரே சட்டம் போட்டு மாட்டிய முதல் பக்கம். சிவப்புக் கோட்டு பளபளவென்று மின்னியது. அதன்மேல் சாய்ந்து குஞ்சு கண்ணை மூடியிருந்தது.

டாக்டர் தம் அறையில் கண்ணாடி முன் நின்று உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். அதே கோட்டு. அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அசாத்தியம்," என்றார். பிறகு, "நீங்க எதால துடைச்சீங்க அன்னிக்கு?"

"காகிதத்தால. கோட்டு மேல ஏதாவது அடிச்சீங்களா, டாக்டர்?"

அவர் கையேட்டை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைப் புரட்டினார். தண்ணீர் ஒட்டாத பூச்சு அடித்த உடை அணிந்து தீவுக்கு வரக்கூடாது. தடித்த எழுத்து. அவருடைய வாக்கியம்தான். முகம் சாம்பலாகிவிட்டது. அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

"முந்தின நாள்," என்றார் கடைசியில். "தண்ணி ஒட்டாத ஸ்ப்ரே, ரெண்டு டப்பா அடிச்சேன். படத்துல பளிச்சுனு இருக்கும்னு."

"கூட்டத்துல நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

அவரே சொன்னார். 'மாதிரி சேகரிப்பில் நேர்ந்த வெளிப்புறக் குறுக்கீடு', 'முழுமையான மறுமதிப்பீடு' என்றெல்லாம் பத்து நிமிஷம் சுற்றிவந்து, இறுதியில் கோட்டு என்ற வார்த்தையில் இறங்கினார். மாநில அதிகாரி பேனாவை மூடிவைத்தார்.

பின்வரிசையில் ரெய்னோ எழுந்தான். "ஒரே ஒரு கேள்வி, டாக்டர். அதை ஏன் அன்னிக்குப் போட்டுட்டுப் போனீங்க?"

"மழைக்காக," என்றார் டாக்டர் ப்ரூஸ்டர், நிமிர்ந்து நின்று.

தீவுக்குப் போன அன்று மழையே பெய்யவில்லை.