துரைக்குச் சமைக்கத் தெரியுமா?

காலை நேரத்தில் அந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒரு ஆள்தான். பெயின்டர் வாசலில் குனிந்து நேற்றைய பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலைக்குப் போகிறவள். ஒரு கையால் தலையை முடிந்து மறு கையால் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடுவாள். மூத்தவள் தையல் கம்பெனிக்குப் போகிற பெண். அடுப்பில் ஒரு கண்ணும் கடிகாரத்தில் ஒரு கண்ணுமாகச் சோறு வடித்து டப்பாக்களில் அடைப்பாள். இளையவன் மட்டும் நாற்காலியில் காலை மடித்துப் போட்டுக்கொண்டு, போனைப் பார்த்தபடியே, “தண்ணி” என்பான். யாரிடம் கேட்கிறான் என்று சொல்ல மாட்டான். சொல்ல வேண்டியதும் இல்லை. தண்ணீர் வந்துவிடும்.

அவனுக்கு வீட்டில் பெயர் துரை. தொட்டிலில் கிடந்தபோதே பெயின்டர் வைத்த செல்லப் பெயர். ஏணியில் நின்று அடுத்தவன் வீட்டுச் சுவரைப் பார்த்தே பாதி ஆயுசைக் கழித்த மனிதர் அவர். “நான் பட்டது என்னோட போகட்டும். என் பையன் கையில பேனாவைத் தவிர வேற எதுவும் படக்கூடாது” என்பார். அவர் சொன்னது வீட்டுக்குச் சட்டம். துரை தன் தட்டைத் தானே எடுத்துப் போனால்கூட, “விடுடா, அக்கா பாத்துக்குவா” என்று குரல் வரும். அக்காவும் பார்த்துக்கொண்டாள்.

சும்மா சொல்லக் கூடாது, பையன் நன்றாகப் படித்தான். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. படிப்புக் கட்டணத்தில் பாதியைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். மீதிப் பாதிதான் குடும்பத்தின் கழுத்தில் உட்கார்ந்தது. ஆனாலும் அவர்கள் அசரவில்லை. ஏழைக்குக் கணக்குப் போடச் சொல்லியா கொடுக்க வேண்டும்? இரண்டு இடத்தில் இறங்கி மாறிப் போகிற விமானத்தில் டிக்கெட் எடுத்தார்கள். குளிர்க் கோட்டு பழைய துணிக் கடையில் கிடைத்தது. கை நீளமாக இருந்ததை மூத்தவள் பிரித்துத் தைத்தாள். பெட்டி ஒரு நண்பனிடம் இரவல். தங்குமிடம்தான் இடித்தது. சாப்பாட்டோடு சேர்ந்த கல்லூரி விடுதியின் கட்டணத்தைத் துரை படித்துக் காட்டியதும் பெயின்டர், “இந்தக் காசுக்கு நம்ம தெருவுக்கே சோறு போடலாமேடா!” என்றார்.

தேடித் துழாவி ஒரு வழி கிடைத்தது. அங்கே ஏற்கெனவே படிக்கிற ஐந்து பையன்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆறாவது ஆளுக்கு இடம் இருந்தது. விடுதிக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அந்த இடம் கிடைத்தால் துரை போகலாம். கிடைக்காவிட்டால் இந்த வருஷம் போக வழியில்லை. நிலைமை அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு விதி இருந்தது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து ஆறு பேருக்கும் சமைக்க வேண்டும். முன்பு இருந்த ஒருவன் சமைக்கத் தெரியாமல் கடையிலேயே வாங்கிச் சாப்பிட்டு, வாடகை கட்ட முடியாமல் பாதியில் ஓடியிருக்கிறான். அதனால் இப்போதெல்லாம் வீடியோவில் சமைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் ஆள் சேர்ப்பார்களாம்.

“சமைக்கத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னு சொல்லிட்டேன்” என்றான் துரை.

“பின்ன, தெரியாதுன்னா சொல்ல முடியும்?” என்றாள் அம்மா. யோசனையும் அவளுடையதுதான். “போனை உன் மூஞ்சிக்கு நேரா வெச்சிரலாம். நீ கரண்டியைப் புடிச்சிக்கிட்டு நில்லு. அக்கா கீழ குனிஞ்சு உக்காந்து வேலையைப் பாத்துக்கட்டும்.”

“எம்மா, நான் என்ன பொம்மலாட்டமா காட்டறேன்?” என்றாள் மூத்தவள்.

“ஒரு நாள் கூத்துதானேம்மா. தம்பி வாழ்க்கை” என்றார் பெயின்டர். அந்த வார்த்தைக்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்தது. எதிரில் கம்பளிக் குல்லா போட்ட ஒருவன். அந்த வீட்டுக்கு அவன்தான் மூத்தவன் போலிருக்கிறது. பின்னால் இன்னும் நாலு தலைகள் எட்டிப் பார்த்தன. கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. துரை கரண்டியைச் சட்டியில் சுற்றினான். குல்லாக்காரன், “வெங்காயம் வெட்டறதைக் காட்டு தம்பி” என்றதும் பெயின்டர் போனைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக் கீழே சாய்த்துப் பிடித்தார். துரையின் அக்குளுக்கடியிலிருந்து இரண்டு கைகள் நீண்டு வந்து சடசடவென்று வெங்காயம் வெட்டின.

“அடேங்கப்பா! கை மிஷின் மாதிரி ஓடுதே!”

“பழக்கந்தாண்ணே” என்றான் துரை. வெங்காய நெடி மூக்கில் ஏறியது. அவன் தன்னை மறந்து மூக்கைத் தேய்த்தான்.

போனில் குல்லாவும் மூக்கும் பெரிதாக நெருங்கி வந்தன. பிறகு குல்லாக்காரன் மரியாதையாகக் கேட்டான்: “தம்பி, உனக்கு மொத்தம் எத்தனை கை? ரெண்டு கை வெங்காயம் வெட்டுது, ஒரு கை மூக்கைத் தேய்க்குது. வெட்டற கையில நகத்துக்குச் சிவப்புச் சாயம் வேற. விரல்ல பிளாஸ்திரி வேற.”

பின்னாலிருந்த நாலு பேரும் வெடித்துச் சிரித்தார்கள். பெயின்டர் போனை அவசரமாக மகன் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

“அந்தக் கைக்குச் சொந்தக்காரங்க யாரு? கொஞ்சம் எழுந்து வாங்க.”

மூத்தவள் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “நான் அவனோட அக்கா.”

“அக்கா, நீங்க வர்றதா இருந்தா இப்பவே இடம் ரெடி. வர்றீங்களா?”

அவளும் சிரித்துவிட்டாள். “நானும் பன்னெண்டாவது பாஸ் பண்ணவதான் தம்பி. இந்த மாதிரி யாரும் கேக்கல, அவ்ளோதான்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அறைக்குள் யாரும் சிரிக்கவில்லை.

குல்லாக்காரன் துரை பக்கம் திரும்பினான். “பொய் சொன்னது தப்பு. ஆனா ஒண்ணு சொல்றேன், நானும் வந்தப்ப சுடுதண்ணி வைக்கத் தெரியாத ஆளு. எங்க வீட்லயும் என்னை இப்படித்தான் பொத்திப் பொத்தி வளத்தாங்க. அதனால இன்னொரு வாய்ப்பு தர்றேன். ரெண்டு வாரம் கழிச்சுக் கூப்பிடுவேன். ரெண்டே கை. சரியா?”

போன் அணைந்ததும் பெயின்டர் மகளைத்தான் பார்த்தார். “கம்பெனிக்கு லீவு போட்டுட்டு அவனுக்குக் கத்துக்குடும்மா.”

“லீவு போட்டா சம்பளத்துல புடிப்பாங்கப்பா. அந்தச் சம்பளத்தையும் அவன் செலவுக்குத்தானே எழுதி வெச்சிருக்கீங்க” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “சாயங்காலம் வந்து சொல்லித் தர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். அவன் சமைக்கிற வரைக்கும் நான் அடுப்புப் பக்கமே கை வைக்க மாட்டேன். உக்காந்த இடத்துல இருந்து வாயால சொல்லுவேன். கருகினா கருகினதுதான் எல்லாருக்கும் சாப்பாடு.”

அன்று சாயங்காலமே துரையின் ஆட்சி ஆரம்பித்தது. முதல் நாள் சோறு அடியில் கரியாகவும் மேலே அரிசியாகவும் இருந்தது. இரண்டாம் நாள் குழைந்துபோனது. பெயின்டர் ஒரு வாய் போட்டுப் பார்த்துவிட்டு, “இதை அப்பிச் சுவத்து ஓட்டையை அடைச்சுப் பட்டி பாக்கலாம் போலிருக்கே” என்றார். மூன்றாம் நாள் அவன் விரலை வெட்டிக்கொண்டு கத்தின கத்தலில் அம்மா ஆஸ்பத்திரி வேலைக்காரிக்குரிய வேகத்தோடு ஓடினாள். “விடும்மா, அது விரல்தான், தலை இல்ல” என்றாள் மூத்தவள், இருந்த இடத்தை விட்டு அசையாமல்.

பாத்திரக் குவியல் முன்னால் நின்று துரை ஒரு நாள் கேட்டான்: “ஏன்க்கா, தினமும் இவ்ளோத்தையும் பண்ணிட்டா நீ வேலைக்குப் போற?”

“தினமும் இல்லடா. ஞாயித்துக்கிழமை துணி துவைக்கிறதும் சேரும்.”

அவன் நாரை எடுத்தான். அன்றைக்குச் சட்டியைக் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தான்.

பெயின்டருக்கு இந்த நாட்களில் வேறு ஒன்று கண்ணை உறுத்தியது. மகள் உட்கார்ந்திருப்பதை அவர் இதற்கு முன் பார்த்ததே இல்லை. நின்றுகொண்டு, குனிந்துகொண்டு, ஓடிக்கொண்டுதான் பார்த்திருக்கிறார். இப்போது ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, தம்பிக்கு “உப்பு... போதும் போதும்!” என்று சொன்ன வாயாலேயே ஏதோ முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா அது?”

“சாயங்காலக் காலேஜுக்கு ஒரு பரீட்சை இருக்குப்பா. எழுதிப் பாக்கலாமான்னு.”

“அதுக்குப் பணம்?”

“பெருசா ஒண்ணும் இல்ல. முன்னயே தெரியும். நேரம்தான் கிடைக்கல.”

பெயின்டர் வாசலில் போய் உட்கார்ந்தார். மூன்று வருஷத்துக்கு முன் அவள் பள்ளிக்கூடத்தை முடித்தபோது, ‘ரெண்டு பேரைப் படிக்க வைக்க நம்மகிட்ட வசதி இல்லம்மா’ என்று தலையைத் தடவிச் சொன்னார். அதை அவர் மனசாரத்தான் சொன்னார், நம்பியும் இருந்தார். பணம் இல்லாததுதான் அவளை நிறுத்தியது என்று இன்றைய தேதி வரை நினைத்துக்கொண்டிருந்தார். சாயங்காலக் கல்லூரிக்கு வேண்டியது பணம் இல்லை, சாயங்காலம். அந்தச் சாயங்காலத்தை எடுத்து மகன் தட்டில் பரிமாறியது யார்? வசதியில்லாமை அல்ல, அவர்தான். தெருவில் போகிற யாரோ கேட்பதுபோல அந்தக் கேள்வி அவருக்கே கேட்டது.

அன்று ராத்திரி சாப்பிட்டதும் அவர் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். அப்பா தட்டோடு நிற்பதை வீடே எழுந்து வந்து வேடிக்கை பார்த்தது. “சோப்பை இப்படிக் கரைச்சா மாசம் ரெண்டு வாங்கணும்” என்று மட்டும் சொன்னாள் மனைவி.

இரண்டு வாரம் கழித்துக் குல்லாக்காரன் கூப்பிட்டான். இந்தத் தடவை போனைக் கையில் பிடிக்கவில்லை. அலமாரித் தட்டில் சாய்த்து, அடுப்பு முழுக்கத் தெரிகிற மாதிரி வைத்தார்கள். துரை உருளைக்கிழங்கு வதக்கினான், முட்டை பொரித்தான். மஞ்சள் கரு ஒன்று உடைந்து ஓடியது. நெற்றி வேர்வையை முழங்கையால் துடைத்தான்.

“அக்கா எங்கே? அடுப்புக்குக் கீழ ஒளிச்சு வெச்சிருக்கியா?”

“இல்லண்ணே. அக்கா பரீட்சை எழுதப் போயிருக்கு.”

குல்லாக்காரன் தலையை ஆட்டிச் சிரித்தான். “முட்டை உடைஞ்சு போச்சு. பரவால்ல, கை உன் கைதான். இடம் உனக்குத்தான். செவ்வாக்கிழமை உன் முறை, மறந்துராதே.”

அம்மா அழுதேவிட்டாள். பெயின்டர் மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

சேதி கேட்டுச் சாயங்காலம் துரையின் தாய்மாமன் வந்து சேர்ந்தான். வீட்டுக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றான். மருமகன் உட்கார்ந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தான். பெயின்டர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மூத்தவள் அப்போதுதான் பரீட்சை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன மச்சான் இது அநியாயம்? வெளிநாடு போய்ப் பெரிய படிப்புப் படிக்கப் போற புள்ளை! பொட்டப்புள்ளை குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்க, ஆம்பளப் பையனைச் சட்டி தேய்க்க விட்டிருக்கியே!”

பெயின்டர் உரித்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். கண்ணில் நீர் வந்தது. அது வெங்காயத்தால்தான் என்று யாரும் நினைத்துக்கொள்ளலாம்.

“மச்சான், பையனை ஒரு துரும்பும் எடுக்க விடாம வளத்தேன். அதைப் பாசம்னு நினைச்சேன். அதனால என்ன ஆச்சு தெரியுமா? ஒருத்தனுக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியாமப் போச்சு, இன்னொருத்திக்குப் படிப்பே இல்லாமப் போச்சு. பசிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாது, பாத்திரத்துக்கும் தெரியாது. வீட்டு வேலையைப் பொண்ணு தலையில மட்டும் கட்டறவன், அவ படிப்பையும் சேத்துத்தான் கழுவி ஊத்தறான். படிப்புன்னாலும் சரி, பாத்திரம்னாலும் சரி, ரெண்டு புள்ளைங்களுக்கும் சமமாத்தான் குடுக்கணும். எனக்கு இது புரியறதுக்கு எவனோ ஒருத்தன் கடல் தாண்டி நின்னு சிரிக்க வேண்டியிருந்துச்சு.”

தாய்மாமன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பேச்சை மாற்றுகிற தோரணையில், பழக்கப்படி மூத்தவள் பக்கம் திரும்பி, “சரி சரி, மாமனுக்கு ஒரு டீ கிடைக்குமா?” என்றான்.

“கிடைக்குமே” என்றார் பெயின்டர். “தேயிலை மேல் தட்டுல இருக்கு மச்சான். எல்லாருக்கும் சேத்துப் போடு.”